காவல் வேறு, பூட்டு வேறு

மகளை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் தாய், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “பாதுகாப்பான இடந்தானே?” ஏஜென்ட்டுகளின் பதிலும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: “காம்பவுண்ட் சுவர் இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு, வார்டன் இருக்காங்க. கம்பெனி பஸ்ஸே வந்து ஏத்திக்கிட்டுப் போயி கொண்டாந்து விட்டுரும். வெளிய எங்கயும் விட மாட்டாங்க.” கடைசி வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் நிம்மதி பிறக்கிறது. நாம் அஞ்ச வேண்டியது அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான்.

பூந்தமல்லியை ஒட்டி இருக்கும் சென்னீர்குப்பம் ஏட்டளவில் ஓர் ஊராட்சி; நேரில் பார்த்தால் நகரம். ஒரு பக்கம் 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் தொழிற்பகுதிகள். நடுவில் கிடங்குகள், பட்டறைகள், பெண்கள் விடுதிகள், ஒற்றை அறை வாடகை வீடுகள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வரும் பெண்களும், ஒடிசா, பிஹார், அசாமிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வரும் குடும்பங்களும் இந்த வட்டாரத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று முழுதாகச் சொல்லக்கூடிய பதிவேடு யாரிடமும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தால் சுவர், கேமரா, தூக்குத் தண்டனை என்ற மூன்றைச் சுற்றியே பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், கடந்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் நடந்தவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பூட்டிய கதவு பெண்களுக்கு உதவியதைவிடக் குற்றவாளிகளுக்கு உதவியதே அதிகம் என்று தெரியவரும்.

பாதுகாப்பைக் காட்டி விற்றவர்கள்

கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு பகுதி நூற்பாலைகளில் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடிகட்டிப் பறந்தது ‘சுமங்கலித் திட்டம்’. பதின்ம வயதுப் பெண்கள் மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000 முதல் 60,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும். அதை வைத்துக் கல்யாணம் முடிக்கலாம். பெயரிலேயே தாலியைத் தொங்கவிட்டிருந்த இந்த ஏற்பாட்டை, வறண்ட கிராமங்களின் ஏழைக் குடும்பங்கள், அதிலும் தலித் குடும்பங்கள், நம்பி ஏற்றன.

அவர்கள் நம்பியதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியாள் நுழைய முடியாது, செல்போன் கிடையாது, கடைக்குப் போவதென்றாலும் வார்டனோடுதான் என்ற உத்தரவாதம்தான் பெற்றோரை ஈர்த்தது. வயதுக்கு வந்த பெண்ணை மூன்று ஆண்டுகள் ‘பத்திரமாக’ வைத்துக்கொள்ள ஒருவர் முன்வருகிறார், சம்பளமும் தருகிறார் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பெண்ணை எப்படியாவது கட்டிக்காக்க வேண்டும் என்ற தவிப்பையே சரக்காக்கி, அதே பெற்றோருக்கு விற்றது அந்தத் திட்டம்.

உள்ளே நடந்தது வேறு. நீளும் ஷிஃப்ட்டுகள், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான ஊதியம், பஞ்சுத் தூசியால் வரும் நோய்கள், மேற்பார்வையாளர்களின் அத்துமீறல். இடையில் விட்டுப்போனால் மொத்தப் பணமும் போச்சு என்ற மிரட்டல். 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பிறகுதான் உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் திரும்பிப் பார்த்தன.

ஆள்கடத்தல் என்றதும் மயக்க மருந்தும் மாருதி வேனும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆள்கடத்தலுக்கு எதிராக ஐ.நா. 2000-ல் ஏற்ற பலெர்மோ நெறிமுறையில் இந்தியா 2011-ல் இணைந்தது. நிர்பயா வழக்குக்குப் பிறகு 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவாக இருக்கிறது. சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரைச் சேர்ப்பதும், அழைத்துச் செல்வதும், தங்கவைப்பதும் குற்றம். மிரட்டினால் மட்டும்தான் என்றில்லை. ஏமாற்றினாலும், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலும், அவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கினாலும் கடத்தல்தான். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது எதிர்வாதம் ஆகாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. தாய், தகப்பன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டித் தப்ப முடியாது என்பதைத்தான் இந்தப் பிரிவு சொல்கிறது. அது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பூந்தமல்லி பார்த்த டிசம்பர்

சுமங்கலித் திட்டம் எங்கோ கொங்கு நாட்டுக் கதை என்று இருந்துவிட முடியாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலருடைய நிலை என்ன என்று உடன் தங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தர அளவுகோலுக்கு உட்பட்டவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

ஃபாக்ஸ்கானில் நடந்தது ஆள்கடத்தல் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டின் கனமும் குறைந்துவிடும். ஆனால், அந்த இரவு ஒரு உண்மையைக் காட்டியது. விடுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில். வேலைக்குச் சேர்த்தவர் ஒரு கான்ட்ராக்டர். விடுதி நடத்தியவர் இன்னொருவர். ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? நான்கு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பு இல்லை என்றுதான் பொருள். சுவரும் வாட்ச்மேனும் அங்கே இருக்கவே செய்தார்கள். கேட்பதற்கு ஆள்தான் இல்லை. கடைசியில் அந்தப் பெண்களைக் காப்பாற்றியது அவர்கள் கதவைத் தாண்டி ஒன்றாகச் சாலைக்கு வந்த துணிச்சல்தான்.

அதன் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பிரம்மாண்டமான விடுதியை 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டித் திறந்தது. பல இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகள் வந்திருக்கின்றன. நல்ல கட்டிடம் அவசியம்தான். ஆனால், அந்தக் கட்டிடத்தில் தங்குபவருக்குத் தன் குறையைச் சொல்லவும், பிடிக்காவிட்டால் வேலையை இழக்காமல் வேறிடம் மாறவும் உரிமை இருக்கிறதா என்பதைக் கட்டிடம் தீர்மானிப்பதில்லை.

அதற்கு ஒரு வழியைத் திண்டுக்கல் காட்டியது. 2021 ஜனவரியில் அங்குள்ள ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடியதால் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஆலை நிர்வாகம், தொழிற்சங்கம், எச் அண்ட் எம் போன்ற வாங்கும் நிறுவனங்கள் மூன்றும் அதில் கட்டுப்பட்டன. வேலை செய்யும் பெண்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஆலையின் ஆர்டருக்கே ஆபத்து வரும் என்ற நிலை வந்தது. அத்துமீறல் நடந்த இடத்திலேயே, உடன் வேலை செய்யும் ஒருத்தியிடம் சொல்ல முடிகிறது என்பதுதான் அதன் பலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் இந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவருவதற்கு என்ன தடை?

சூளைக்குள் வளரும் பிள்ளைகள்

சென்னீர்குப்பம் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் பூட்டுக்கு வேறு பெயர்: முன்பணம். ஒடிசாவின் வறண்ட மேற்கு மாவட்டங்களில் தரகர் ஒரு தொகையைக் கொடுக்கிறார். குடும்பம் மொத்தமும் கல் அறுக்க வந்துவிடுகிறது. கடன் தீரும்வரை நகர முடியாது. 2011-ல் இங்குள்ள சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டது நாடெங்கும் செய்தியானது. செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிக்கியிருந்ததும் இதே கதைதான். கொத்தடிமை முறை 1976-லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது.

சூளையில் வளரும் பெண் குழந்தை எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. அங்கன்வாடிக் கணக்கில் இல்லை. இந்த ஊரின் ரேஷன் அட்டையிலும் இல்லை. அவளை யாராவது வேறெங்காவது அழைத்துப் போனால், காணவில்லை என்று சொல்வதற்கே அவள் இங்கே இருந்ததற்கான ஆதாரம் தேவைப்படும். மாவட்ட நிர்வாகம் சில ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒடியா பாடப்புத்தகங்களை வரவழைத்துச் சூளை அருகிலேயே வகுப்பு நடத்தியிருக்கிறது. பாராட்ட வேண்டிய முயற்சி. அது ஆட்சியர் மாறினால் நின்றுபோகும் நல்லெண்ணமாக இல்லாமல், ஆண்டுதோறும் சூளை பற்றவைக்கும் மாதத்தில் தானாகத் தொடங்கும் வேலையாக மாற வேண்டும்.

கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்

2018 ஜூலையில் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கு தமிழ்நாட்டை உலுக்கியது. செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமியைப் பல மாதங்கள் வன்கொடுமை செய்ததாகக் கைதான 17 பேரும் வெளியிலிருந்து சுவர் ஏறிக் குதித்தவர்கள் இல்லை. லிஃப்ட் இயக்கியவர், காவலாளிகள், பிளம்பர் என்று அந்தக் குடியிருப்பே வேலைக்கு வைத்தவர்கள். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, ஐவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வெளி கேட்டுக்குள் அந்நியர் நுழையாதபடி வைக்கப்பட்ட காவல்தான் உள்ளே ஆபத்தாக இருந்தது.

அது விதிவிலக்கும் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாட்டின் சராசரியைவிட இது அதிகம். ‘கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டா பொறுப்பு முடிஞ்சது’ என்று நினைப்பவர்கள் இந்த எண்ணையும் நினைக்க வேண்டும்.

செல்போனைப் பிடுங்கிவிட்டால் போதும் என்ற எண்ணமும் இதே வகைதான். 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு சட்டத்துக்கு நாடு முழுதும் புதிய விளக்கத்தையே தர வைத்தது. குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாகும் படங்களை ஒருவர் தன் போனில் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோவின் 15-வது பிரிவின்கீழ் குற்றமாகலாம். ஒரு குழந்தையின் படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் அதைப் பார்க்கும் கை அடுத்த தெருவில் இருக்கலாம். பிள்ளையின் கையில் போன் இல்லாமல் செய்துவிட்டால் இந்தச் சந்தை சுருங்கிவிடாது. போனில் யாராவது மிரட்டினால் அம்மாவிடம் சொல்லலாம், அடி விழாது என்ற நம்பிக்கைதான் அவளுக்கு இருக்கும் தற்காப்பு.

தண்டனையின் கடுமையும் தனியாக எதையும் காத்துவிடாது. 2017 பிப்ரவரியில் போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கை எண்ணிப் பாருங்கள். ஒரே ஆண்டில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2018 ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஊரே நீதி கிடைத்துவிட்டதாக நினைத்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியங்களின் சங்கிலி நிரூபிக்கப்படவில்லை. சிசிடிவி பதிவு உரிய முறையில் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பும் சட்ட உதவியும் உரிய நேரத்தில் தரப்படவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெற்றோரின் கையில் தீர்ப்பும் இல்லை, விடையும் இல்லை. இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்பதற்கு முன், தடயத்தைச் சேகரிக்கத் தெரிந்த புலனாய்வு வேண்டும் என்று கேட்கப் பழக வேண்டும்.

சொன்னால் என்ன இழப்பாள்?

பொள்ளாச்சியில் பெண்களை வன்கொடுமை செய்து வீடியோ எடுத்த கும்பல் ஆண்டுக்கணக்கில் தொடர முடிந்தது எப்படி? அந்த வீடியோவைக் காட்டி மிரட்டினார்கள். அந்த மிரட்டலுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு போகும், போன் போகும், அவசரக் கல்யாணம் வரும், ஊர் வாய் மெல்லும் என்ற அச்சத்திலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்ததும் அந்தக் கோட்டை சரிந்தது. அவருக்கு வீடு துணை நின்றது என்பதுதான் வித்தியாசம். அரசுத் தரப்போ அவருடைய அடையாளத்தை வெளியிட்டுப் பெரும் பிழை செய்தது. அப்படியிருந்தும் பாதிக்கப்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

விடுதியிலோ வேலையிடத்திலோ தொல்லை வந்தால் பெண்கள் ஏன் சொல்வதில்லை என்பதற்கு இதே விடைதான். “வீட்ல சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருன்னுவாங்க.” தப்புச் செய்தவன் அங்கேயே இருப்பான், சொன்னவள் ஊருக்குத் திரும்புவாள். புகாருக்கான தண்டனை புகார் சொன்னவள் மீதே பாதுகாப்பு என்ற பெயரில் இறங்குகிறது. தரகனும் மேற்பார்வையாளனும் போனில் மிரட்டுபவனும் இந்த ஒரு கணக்கை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலின் மூலதனமே அதுதான்.

காவல் நிலையமும் இந்த அச்சத்தைக் கூட்டக் கூடாது. 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்து தமிழ்நாடு வழிகாட்டியது. ஆனால், 2024-ல் அண்ணா நகர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு 10 வயதுச் சிறுமியின் புகாரோடு போன பெற்றோர், தாங்களே தாக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது; 2025 ஜனவரியில் அந்த ஆய்வாளர் கைதானார். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் அவருடைய விவரம் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் இன்னும் பல பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சட்டமே பூட்டாக மாறும் இடமும் உண்டு. 17 வயதுப் பெண் 19 வயதுப் பையனோடு போய்விட்டால், சாதியோ கௌரவமோ உறுத்தும் குடும்பம் போக்சோவைக் கையில் எடுக்கிறது. பையன் சிறைக்கும் பெண் காப்பகத்துக்கும் போகிறார்கள். இத்தகைய வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல் துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. குழந்தையைச் சுரண்டியவனைப் பிடிக்க எழுதிய சட்டம் பெண்ணின் விருப்பத்தைத் தண்டிக்கப் பயன்பட்டால், உண்மையான ஆபத்தில் இருக்கும் பெண்ணும் அந்தச் சட்டத்தை நெருங்க அஞ்சுவாள்.

முத்துலட்சுமி கண்ட வழி

இந்தச் சிக்கலுக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேவதாசி முறைக்கு எதிராகச் சென்னை சட்டமன்றத்தில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தடையை மட்டும் கேட்கவில்லை. கோயில் சேவைக்காகத் தரப்பட்ட மானிய நிலங்களைச் சேவையிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரியதாக்கும் சட்டத் திருத்தம் 1929-ல் வந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த சட்டம் வர 1947 ஆனது. முறையை விட்டு வெளியேறினால் சோற்றுக்கு வழி இருக்க வேண்டும் என்பதை அவர் முதலில் பார்த்தார். எந்த விடுதியும் ஏற்காத பெண்களுக்காக 1930 வாக்கில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அங்கே சேர்ந்தவர்கள் படித்து வேலைக்குப் போனார்கள். அந்த முறைக்குள் பிறந்து அதை எதிர்த்து நின்ற மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பெண்ணின் கல்வியையும் சுயமரியாதையையுமே மாற்றாக முன்வைத்தார்.

மூவலூர் ராமாமிர்தம் பெயரில் 1989-ல் தொடங்கிய அரசுத் திட்டம் திருமண உதவித் திட்டமாக இருந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, ‘புதுமைப் பெண்’ணாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. சுமங்கலித் திட்டத்தோடு இதை ஒப்பிட்டால் நுட்பம் விளங்கும். அங்கே பணம் மூன்று ஆண்டு முடிவில், கல்யாணத்துக்காக, வெளியேறினால் பறிபோகும் பணயமாக இருந்தது. இங்கே மாதாமாதம், படிப்புக்காக, அவள் கையில். தொகை சிறியதுதான், ஆனால் அதை நிறுத்திவிடுவேன் என்று மிரட்ட எந்தத் தரகனாலும் முடியாது.

சென்னீர்குப்பம் செய்யக்கூடியவை

பெற்றோரின் பயத்தைக் கிண்டல் செய்து பயனில்லை. இருட்டிய பிறகு விளக்கில்லாத சாலையில் மகள் நடந்து வருவதை நினைத்து எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தைப் போக்கும் பொறுப்பு அரசுடையது; மகளை வீட்டில் இருத்திக்கொள்வதன் மூலம் அந்தப் பொறுப்பைத் தாய் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. தெருவிளக்கும், இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்துப் பேருந்தும் பெண் பாதுகாப்புச் செலவுகளே.

ஒவ்வொரு ஊராட்சியிலும் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பிள்ளைகளின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. பல ஊர்களில் அது கையெழுத்துப் புத்தகமாகச் சுருங்கிவிட்டது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் இந்தக் குழு ஓர் அறிக்கை வைக்கட்டும்: கடந்த கூட்டத்துக்குப் பிறகு பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை பேரைத் திரும்பச் சேர்த்தோம், புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், எண் போதும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஒரு மாணவி தொடர்ந்து வராவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார் என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை.

பெண்கள் விடுதிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் சிறுமிகள் வன்கொடுமைக்கு ஆளான ஆண்டில் பிறந்த சட்டம் அது. பூந்தமல்லி வட்டாரத்தில் உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்கட்டும். உரிம நிபந்தனைகளில் சுவர், கேமராவோடு இன்னும் நான்கைச் சேர்க்க வேண்டும்: தங்குபவர்களே தேர்ந்தெடுக்கும் குழு, போன் வைத்துக்கொள்ளும் உரிமை, அசல் சான்றிதழ்களை யாரும் பிடித்து வைக்கத் தடை, வேலையையும் தங்குமிடத்தையும் தனித்தனியாக விடும் உரிமை. சம்பளம் முழுதும் அவரவர் வங்கிக் கணக்கில் மாதாமாதம் சேர வேண்டும்.

10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் பட்டறைகள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களுக்காகவே பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் ஆட்சியரின்கீழ் உள்ளூர்ப் புகார்க் குழுவை வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர் யார், எந்த எண்ணில் அழைப்பது என்பது பட்டறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

காவல் துறைக்குச் சில. 2022 ஜனவரியிலிருந்து இந்தப் பகுதி ஆவடி ஆணையரகத்தின்கீழ் வருகிறது. வருவாய் நிர்வாகமோ திருவள்ளூர் மாவட்டம். ‘இது எங்க லிமிட் இல்ல’ என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. எந்த நிலையத்தில் புகார் வந்தாலும் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. 18 வயது நிரம்பாதவர் காணாமல் போனால், கடத்தலாக இருக்கக்கூடும் என்று கருதி உடனே வழக்குப் பதிய வேண்டும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை. நான்கு மாதங்களில் கண்டுபிடிக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். ‘யாரோடயாவது போயிருக்கும், ரெண்டு நாள்ல வந்துரும்’ என்று திருப்பி அனுப்பப்படும் அந்த இரண்டு நாட்களில்தான் தரகன் மாநில எல்லையைத் தாண்டுகிறான். போக்சோ புகாரில் சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாத அதிகாரி பதிய வேண்டும் என்ற விதியும் ஏட்டில் உறங்கக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைக்கும் விடுதி நிர்வாகிக்கும் பள்ளி நிர்வாகிக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு என்பதை அவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மீட்புக்குப் பிறகு? கொத்தடிமையிலிருந்து மீட்கப்படுபவருக்கு உடனடி உதவி 30,000 ரூபாய். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் வரை மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால், முழுத் தொகையை வழக்கின் தீர்ப்போடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடன்காரனும் தரகனும் மீண்டும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்த அன்றே முழுத் தொகைக்கும் தகுதி வர வேண்டும்.

1098, 181, 112 என்று எண்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பள்ளிச் சுவரெல்லாம் எழுதியும் இருக்கிறோம். ஒரு பெண் அந்த எண்ணை அழுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கும் நொடியில் அவள் மனத்தில் ஓடுவது ஒரு கணக்கு: இதைச் சொன்னால் நான் எதையெல்லாம் இழப்பேன்? படிப்பையா, வேலையையா, கையிலிருக்கும் போனையா, தனியாகப் பேருந்து ஏறும் உரிமையையா? ஊராட்சித் தலைவர், தலைமை ஆசிரியர், விடுதிக் காப்பாளர், ஆய்வாளர், தாய் தகப்பன் ஆகிய ஒவ்வொருவரும் ‘நீ சொல்வதால் இவற்றில் ஒன்றும் போகாது’ என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும்.  இதற்குப் பெரும்பாலும் பணமே தேவைப்படாது; தேவைப்பட்டாலும் கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு போதும்.